கான்கால், பூசீக்: சிப்பி வளர்க்கும் இரு பிரெஞ்சு ஊர்கள்

பிரான்சின் கடற்கரையில் சிப்பி வளர்ப்பால் பெயர்பெற்ற சிற்றூர் ஒன்றைக் காண விரும்புவோர், வடக்கே பிரித்தானிப் பகுதியிலுள்ள கான்காலையும் தெற்கே தோ உப்புநீர்க் காயலின் கரையிலுள்ள பூசீக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கான்காலின் வாழ்வைக் கடலின் ஏற்ற இறக்கமே ஆள்கிறது. மோன்-சான்-மிஷேல் விரிகுடாவில் பெரிய ஓதங்களின்போது நீர்மட்டம் 13 மீட்டருக்கும் மேல் மாறுபடுவதால், நீர் வடிந்தவுடன் இரும்புத் தாங்கிகளின்மேல் அடுக்கப்பட்ட சிப்பிப் பைகள் வெட்டவெளியில் தெரிய, உழைப்பாளர்கள் டிராக்டர்களில் சேற்றுநிலத்துக்குள் இறங்கி அவற்றைப் புரட்டிப்போடுகிறார்கள். ஆகவே ஓத அட்டவணையைப் பார்க்காமல் அங்கே செல்வது வீண். லா ஊல் துறைமுகத்துச் சிறு சந்தையில் உடனுக்குடன் திறந்து தரும் சிப்பியை எலுமிச்சைச் சாற்றுடன் உண்டு, ஓட்டைக் கீழேயுள்ள கரையில் எறிவது வழக்கம். பல்லாண்டுகளாக அவ்வாறு சேர்ந்த ஓடுகள் கரையையே வெண்மையாக்கியுள்ளன.

மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறிது என்பதால், பூசீக்கில் குஞ்சுச் சிப்பிகளைச் சிமென்டால் கயிற்றில் ஒட்டி, நீரில் நட்ட சட்டங்களிலிருந்து தொங்கவிடுகிறார்கள். எப்போதும் நீரிலேயே இருக்கும் அவை இடைவிடாது இரையுண்கின்றன. இம்முறையை விளக்கும் அருங்காட்சியகமும், அருகில் விளையும் பிக்புல் தெ பினே என்னும் வெள்ளை ஒயினும் அவ்வூருக்குச் சிறப்பு.

அமைதியும் வெயிலும் நாடுவோருக்குப் பூசீக் ஏற்றது. ஆயினும், ஒரே ஊருக்குத்தான் நேரமுண்டு எனில், தொழில் முழுவதும் கண்ணெதிரே நடக்கும் கான்காலையே பரிந்துரைப்பேன்.