புக்கிட் கியாரா மலைச் சைக்கிள் தடங்கள்: ஒரு மதிப்பீடு

கோலாலம்பூரில் மவுண்டன் பைக் ஓட்டுவதற்கு ஒரே ஓர் இடத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், தயங்காமல் புக்கிட் கியாராவைத்தான் சொல்வேன். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பின் பின்புறம், பொது நிலத்தில் நிற்கும் இந்தக் காட்டுக் குன்றில் ஒற்றையடிப் பாதைகள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. காசு வாங்காத இடத்துக்கு மதிப்பீடு எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பொதுச் சொத்தைத்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கறாராக மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் அது கெட்டுப்போனால், பிடிக்காத கடையை விட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவதுபோல் நாம் வேறிடம் போய்விட முடியாது.

இது கன்னிக்காடு அன்று. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலம். நம் மக்கள் விடியற்காலையில் பால் வெட்டிய தோட்டம் அது. அரசாங்கம் அதைக் கையகப்படுத்திய பிறகு, 1980களின் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அடிவாரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீடு தருவதாகச் சொன்ன வாக்கு பல பத்தாண்டுகளுக்கு இழுத்துக்கொண்டே போனது. அந்த அடிவாரத்திலுள்ள தாமான் ரிம்பா கியாராவில் 12 ஏக்கர் நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்டுவதற்கு 2017இல் மேம்பாட்டு அனுமதி வழங்கப்பட்டது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில், 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றமும் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தன. சைக்கிள் தடத்தைப் பற்றிய எழுத்தில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பசுமையைக் காத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தோட்ட மக்களுக்குச் சேர வேண்டிய வீடும் அதே அளவு நியாயமானது. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவோரின் வாதத்தை நான் ஏற்பதில்லை.

இனித் தடங்களைப் பார்ப்போம். மழை நாட்டில் மலைப் பாதையைக் கெடுப்பதில் சக்கரத்தைவிடத் தண்ணீருக்கே பெரும் பங்கு உண்டு. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி பிற்பகல் இடிமழையாக ஓரிரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சரிவை நேர்க்கோட்டில் பிளந்துகொண்டு இறங்கும் பாதை அந்த வெள்ளத்துக்கு வாய்க்காலாகி, சில பருவங்களுக்குள் முழங்கால் ஆழப் பள்ளமாகிவிடும். ஆகவே தடம் வெட்டத் தெரிந்தவர்கள் உலகெங்கும் ஒரு கணக்கைக் கையாள்கிறார்கள்: பாதையின் ஏற்றம் மலைச் சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது, சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டை ஒட்டியே இருக்க வேண்டும், பாதையின் வெளியோரம் உள்ளோரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், நீண்ட இறக்கத்தின் நடுவே அங்கங்கே ஒரு சிறு மேடு எழும்பித் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிவிட வேண்டும்.

புக்கிட் கியாராவின் நல்ல தடங்களில் இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம். எனக்குப் பிடித்த ஒரு கொண்டை ஊசி வளைவில், வெளிவிளிம்பைக் கல்லடுக்கித் தாங்கியிருக்கிறார்கள். வளைவுக்குச் சற்று முன்பாகப் பாதை ஒரு சாண் அளவுக்கு உயர்ந்து தாழ்கிறது. சைக்கிளில் வருபவருக்கு அந்த மேடு வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பு. மழைநீருக்கோ வளைவுக்குள் நுழையாமல் இலைச்சருகுக்குள் இறங்கிப் போகும் வாசல். பெருமழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்தாலும் அங்கே செம்மண் இறுகியே கிடக்கிறது. இப்படிப்பட்ட வேலையை எந்த இயந்திரமும் வந்து செய்யவில்லை. தடங்களின் பெரும்பகுதி தன்னார்வலர்கள் மண்வெட்டியும் அரிவாளும் கொண்டு கையால் வெட்டியது. கோலாலம்பூர், சிலாங்கூர் தடங்களுக்காக இயங்கும் டிராக்ஸ் சங்கத்தினர் பராமரிப்பு நாள்களை ஏற்பாடு செய்து இதைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சம்பளம் வாங்காதவர்களின் உழைப்பு இத்தனை தேர்ச்சியோடு இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே நெகிழ்ச்சி உண்டாகிறது.

ஓட்டும் அனுபவம் எப்படி என்றால், வேகத்தைவிட நுணுக்கத்தைக் கேட்கும் தடங்கள் இவை. நீண்ட நேர்ப்பாதைகள் குறைவு. வளைவு, வேர், குறுகிய ஏற்றம், உடனே மற்றொரு வளைவு என்று போய்க்கொண்டே இருக்கும். வேர்கள்தான் இங்கே உண்மையான சோதனை. ஈரமான வேரை நேர்குறுக்காகக் கடந்தால் சக்கரம் தாண்டிவிடும். சாய்வாகத் தொட்டால் முன்சக்கரம் வேரோடு வழுக்கிப் போய்விடும். இதோடு பழைய தோட்டத்தின் மிச்சமான ரப்பர் மரங்கள் தரும் தனித் தொல்லை ஒன்று உண்டு. காய் வெடிக்கும் பருவத்தில் கெட்டியான ரப்பர் கொட்டைகள் பாதை முழுவதும் சிதறிக் கிடக்கும். இறுகிய மண்ணின்மேல் அவை உருளும்போது, பிரேக்கைப் பிடித்தும் சைக்கிள் நிற்காமல் நழுவும். இலையுதிரும் மாதங்களில் சருகு மூடி வேரே கண்ணுக்குத் தெரியாது. பருவத்துக்கேற்ப ஒரே தடம் வேறு வேறு தடமாக மாறுவதை நான் குறையாகக் கருதவில்லை. இந்தக் குன்று அலுக்காததற்கு அதுவே காரணம்.

சைக்கிளுக்காகப் பெருஞ்செலவு தேவையில்லை. முன்புறம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும், குறைந்தது 2.3 அங்குல அகலமுள்ள, பற்கள் நன்கு எழும்பிய டயரும் கட்டாயம் வேண்டும். டியூப்லெஸ் டயராக இருந்தால் நடுத்தர எடையுள்ளவர் 22 முதல் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை காற்று வைத்துக்கொள்ளலாம்; சாலைக்கு அடிக்கும் அளவு காற்றை அடித்துக்கொண்டு வந்தால் வேர்களின்மேல் சக்கரம் பந்தாகத் துள்ளும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, வழி தெரியாத சிக்கல். கிளைப் பாதைகள் பல; எல்லாப் பிரிவிலும் பலகை இல்லை; எது ஏறுவதற்கு, எது இறங்குவதற்கு என்பது பழகியவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக இருக்கிறது. இதில் ஆபத்தும் உண்டு: இறங்கிவரும் சைக்கிளுக்கு எதிரே, குழந்தையைக் கைப்பிடித்து ஏறிவரும் குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். நடப்பவருக்கு வழிவிட வேண்டியது சைக்கிளில் வருபவரின் கடமை என்பது பல நாட்டுத் தடங்களில் உள்ள பொது விதி. அதை அறியாதவர்கள் இங்கே இன்னும் வருகிறார்கள். மலைத் தடங்களில் பச்சை, நீலம், கறுப்பு என்று கடினத்தை வண்ணத்தால் குறிக்கும் வழக்கத்தை இங்கே ஒவ்வொரு நுழைவாயிலிலும் கொண்டுவந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இரண்டாவது குறை என்னை அதிகம் வருத்துகிறது. வெட்டியவர்கள் கையில் தடங்கள் இருந்தாலும், நிலத்தின்மீது அவர்களுக்கு உரிமை எதுவும் இல்லை. ஒரு பொது நிலத்தின் நாளைய திட்டத்தில் இந்தப் பாதைகளுக்கு எழுத்தில் ஓர் இடம் இல்லாதவரை, இத்தனை ஆண்டு உழைப்பும் யாரோ ஒருவர் போடும் கையெழுத்தை நம்பியே நிற்கும்.

கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வு நிறுவன வளாகத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஈயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமும் பாழாக்கிய நிலத்தில், 1920களில் தொடங்கி மரம் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே நுழைவுச் சீட்டு உண்டு, விதிமுறை உண்டு, யாரைக் கேட்பது என்பதும் தெரியும். குடும்பத்தோடு அகலமான பாதையில் நிதானமாக ஓட்ட விரும்புவோருக்கு அதையே பரிந்துரைப்பேன். சைக்கிள் ஓட்டும் கலையைக் கற்க வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு மட்டும் புக்கிட் கியாராவுக்கு ஈடு கிடையாது.

முதல்முறை போகிறவர்கள் தனியாகப் போக வேண்டாம். வார இறுதியில் காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டால், பழகிய ஓட்டுநர்களின் குழு ஏதேனும் அடிவாரத்தில் நிற்கும். வாய் திறந்து கேட்டால் பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்று டியூப், கைப்பம்பு, கொசு மருந்து ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். குரங்குகள் இருப்பதால் உணவுப் பையைத் திறந்து வைக்காதீர்கள். முந்தின இரவு கனமழை பெய்திருந்தால் அன்று காலை தடத்தை விட்டுவிட்டுக் குன்றைச் சுற்றிச் செல்லும் தார்ப்பாதையில் ஓட்டுங்கள்; ஊறிய மண்ணில் பதியும் ஒரு சக்கரத் தடம் அடுத்த மழைக்கு ஓடையாகிறது, அதைச் சரிசெய்யத் தன்னார்வலர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வர வேண்டியிருக்கிறது.