உப்புவெளி மணலில் ஃப்ளாஷ்: ஒளியா, ரேடியோவா?

திருகோணமலையில் சூரியன் கடலுக்குள் இருந்துதான் எழும்பும். காலையில் உப்புவெளி மணலில் ஒரு சோடியைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் பின்னால் தண்ணீர் தகதகக்கும், முகம் இரண்டும் கறுத்துப் போகும். கமராவின் தலையில் இருந்தே ஃப்ளாஷ் அடித்தால் முகம் தெரியும், ஆனால் தட்டையாகிவிடும். ஆகவே அதைக் கழற்றிப் பக்கத்தில் வைக்கத்தான் வேண்டும். சரி, அதை எதைக்கொண்டு அடிக்க வைப்பது?

வயர் போட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள். அதை விட்டுவிடுவோம்.

செலவில்லாத வழி ஒளிச் சமிக்ஞை. நைகான் டி90, டி7000 கமராக்களில் மேலே எழும்பும் சின்ன ஃப்ளாஷே எஸ்பி-700 என்ற நைகான் ஃப்ளாஷை இயக்கும், டிடிஎல் அளவோடு, அதாவது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைக் கமராவே அளந்து ஃப்ளாஷின் பலத்தைத் தீர்மானிக்கும். மண்டபத்துக்குள் இதில் எனக்குக் குறையே இல்லை. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே போதும். கடற்கரையில் அந்தச் சமிக்ஞையை வெயில் விழுங்கிவிடும்.

கோடாக்ஸ் ஃப்ளாஷ்களில் உள்ள எஸ்1 மோட்டும் ஒளியில்தான் இயங்கும், அது இன்னும் மோசம். எவருடைய ஃப்ளாஷ் மின்னினாலும் கூடவே மின்னும். ஒரு கலியாணத்தில் விருந்தினர்களின் ஃப்ளாஷுக்கெல்லாம் என்னுடையதும் அடித்து அடித்து, தாலி கட்டும் நொடியில் சார்ஜ் ஏறாமல் நின்றது. அந்த இருட்டுப் படத்தைப் பார்க்க இன்றும் மனம் பொறுக்குதில்லை.

கமராவின் தலையில் பொருத்தி, ரேடியோ அலையால் ஃப்ளாஷை அடிக்க வைக்கும் ரேடியோ ட்ரிகரில் இந்தத் தொல்லை கிடையாது. அப்படி ஒரு ட்ரிகரான கோடாக்ஸ் எக்ஸ்ப்ரோ 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, 32 சானல்கள். ஃப்ளாஷை வள்ளத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாலும் அடிக்கும். கடற்கரைக்கு என் தெரிவு இதுதான்.

அப்புறம், எந்த ஃப்ளாஷ்? கோடாக்ஸின் டிடி685இல் டிடிஎல் உண்டு, டிடி600இல் இல்லை. கோயில் வீதியுலா போல ஆள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்துக்கு டிடிஎல் வேண்டும். சோடியை நிறுத்தி எடுக்கும்போது தூரம் மாறாது. விலை குறைந்த டிடி600ஐ மனுவலில், அதாவது பலத்தைக் கையால் வைத்து, ஒருமுறை சரிபார்த்தால் போதும். எக்ஸ்ப்ரோவோடு சேர்த்தால் அதிலும் ஹைஸ்பீட் சிங்க் கிடைக்கும்: சாதாரணமாக 1/200 நொடி அளவோடு நிற்கும் ஃப்ளாஷை அதைவிட வேகமான ஷட்டரிலும் அடிக்க வைக்கும் வசதி.

வெயில் ஏறிய பிறகு அது இல்லாமல் முடியாது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/200 நொடி என்றால் லென்ஸ் துளை எஃப்/11 அளவில் நிற்க வேண்டும். பின்னணியை மங்கலாக்க எஃப்/2.8க்குத் திறந்தால் 1/3200 போக வேண்டும். அந்த வேகத்தில் ஃப்ளாஷின் பலம் நன்றாகக் குறையும். நான் குடையைக் கழற்றிவிட்டு, படத்துக்குள் விழாத அளவுக்கு ஃப்ளாஷைக் கிட்டக் கொண்டுபோவேன். ஸ்டாண்டில் வைக்க மாட்டேன், கடற்காற்று சாய்த்துவிடும். கூட வரும் தம்பிதான் கையில் பிடிப்பான்.