நீல அச்சா, அசையும் கேமராவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரூபப் புகைப்படத்தை, அதாவது பொருளின் உருவைக் காட்டாமல் ஒளி, நிறம், கோடுகளாக நிற்கும் படத்தை, தொழிலாக எடுக்க நினைக்கும் நம் பிள்ளைகள் தயங்குவது இங்கேதான்: கேமராவே இல்லாமல் சயனோடைப் எனும் நீல அச்சு போடுவதா, கேமராவை அசைத்துப் படம் எடுப்பதா?

சயனோடைப்பை 1842ல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை அதில் பதிக்கத் தொடங்கினார். இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே ஒரு கறிவேப்பிலைக் கொத்தை வைத்து வெயிலில் காட்டினால் போதும். தண்ணீரில் அலசியதும் வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். நடுவில் கொத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். இலை மறைந்து நிழல் அடுக்குகள் மட்டும் மிஞ்சும். அந்த நொடிக்காகவே நான் இதைச் செய்கிறேன்.

அசைத்து எடுப்பது வேறு சுகம். ஷட்டரை அரை வினாடி திறந்துவைத்துக் கையை வீசினால், தைப்பூசக் காவடி ஊர்வலம் மஞ்சள் கோடுகளாக ஓடும். நூறு தடவை தவறினாலும் நட்டமில்லை. ஆனால் இதைப் பலரும் செய்கிறார்கள், நம் கை தனியாகத் தெரிய நாளாகும்.

வருமானம்? கேமரா படத்தை எண்ணிட்டுப் பத்துப் பிரதி விற்கலாம். இலை வைத்த நீல அச்சு ஒன்றே ஒன்றுதான், விற்றால் போயிற்று. அப்படியும் நான் முதலில் சொல்வது நீல அச்சைத்தான், ஒளியை அதுதான் பொறுமையாகக் கற்றுத்தரும். அப்புறம், அலசும் தண்ணீரில் சோப்பு சேரக்கூடாது, நீலம் வெளுத்துவிடும்.