ஐஸ், டீசல், மூங்கில் மிதவை: ஓப்பன் எல்.சி.ஏ. மென்பொருளில் மறுபயன்பாட்டுக் கூறுகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் வட்டாரத்திலிருந்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் சரக்குகளைப் பட்டியலிட்டால், உறையவைத்த கணவாய், பதப்படுத்திய நண்டுச் சதை, கருவாடு, உலர்த்திய கடற்பாசி, பாசிச் சாற்றிலிருந்து எடுக்கும் திரவ உரம் என்று ஒரு சில வகைக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். சரக்குகள் வேறானாலும் அவற்றுக்குப் பின்னால் நிற்பவை ஏறக்குறைய ஒன்றேதான்: அதே ஐஸ், அதே டீசல், அதே மின்சாரம், தூத்துக்குடித் துறைமுகம் வரை ஓடும் அதே லாரி. ஆகவே, இக்கரையின் பொருள்களுக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு (மூலப்பொருளிலிருந்து கழிவு வரை ஒரு பொருள் சுற்றுச்சூழல்மீது ஏற்றும் சுமையின் கணக்கு) செய்பவர் ஒரு மென்பொருளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒருமுறை உருவாக்கிய கூறு ஒன்றை அது எவ்வளவு ஒழுங்காக மறுபடியும் பயன்படுத்த விடுகிறது என்பதே. ஓப்பன் எல்.சி.ஏ.வை அந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

பெர்லினைச் சேர்ந்த கிரீன்டெல்டா நிறுவனம் 2006 முதல் உருவாக்கிவரும் திறந்தமூல மென்பொருள் இது. உரிமக் கட்டணம் கிடையாது. இம்மதிப்பீட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 14040, 14044 தரநிலைகள் எதிர்பார்க்கும் கணக்கீடுகள் அனைத்தையும் இதில் செய்ய முடிகிறது.

இதன் அடிப்படை அலகு 'செயல்முறை'. 1 டன் பார் ஐஸ் என்று ஒரு செயல்முறையைத் திறந்து, அதற்குள் வரும் நீர், மின்சாரம், கசிந்துபோகும் அமோனியா ஆகியவற்றை உள்ளிட்டுவிட்டால், கணவாய்க்கும் நண்டுக்கும் அதையே 'வழங்குநர்' என்று சுட்டிக்காட்டினால் போதும். சுட்டிக்காட்டுவது என்பதுதான் முக்கியம். அங்கே நகல் எதுவும் உருவாவதில்லை. மத்திய மின்சார ஆணையம் நாட்டின் மின்கட்டமைப்புக்கான கார்பன் அளவை அவ்வப்போது திருத்தி வெளியிடுகிறது. அண்மைக் காலத்தில் அது யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டி இருந்துவருகிறது. புதிய அளவு வந்ததும் மின்சாரம் என்ற ஒரே செயல்முறையைத் திருத்திவிட்டு மறுபடி கணக்கிட்டால், ஐஸ் வழியாக அது எல்லாப் பொருள்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மாறாக, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஐஸ் செயல்முறையை நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு நகலும் தனி அடையாள எண்ணோடு தனி ஆளாகிவிடும்; மூலத்தில் செய்த திருத்தம் நகலுக்குத் தெரியாது. நகலெடுப்பது இரண்டு சொடுக்கில் முடிந்துவிடும் வேலை என்பதால், அவசரத்தில் இருப்பவரின் கை அங்கேதான் போகும்.

எதைக் கூறுக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்பதில்தான் இம்மென்பொருள் தன் குணத்தைக் காட்டுகிறது. ஐஸ் ஆலையிலிருந்து இறங்குதளம் வரையிலான தூரத்தை ஐஸ் செயல்முறைக்குள்ளேயே ஓர் அளவுருவாக, அதாவது வேண்டும்போது மாற்றிக்கொள்ளும் எண்ணாக, வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால், ஒரு பொருள் அமைப்புக்குள் (ஒரு பொருளுக்காக ஒன்றோடொன்று இணைத்த செயல்முறைகளின் தொகுப்புக்குள்) ஒரு செயல்முறை ஒரே ஒருமுறைதான் இடம்பெறுகிறது. அதன் அளவுருவுக்கும் அங்கே ஒரே மதிப்புதான். விசைப்படகில் ஏற்றும் ஐஸுக்கு ஒரு தூரமும், பிறகு பதப்படுத்தும் கூடத்தில் இறங்கும் ஐஸுக்கு வேறொரு தூரமும் ஒரே கணக்கில் வந்தால், இரண்டையும் அந்த ஒரே கூறு தாங்காது. தூரத்தை ஐஸை வாங்கும் செயல்முறையின் பக்கத்தில், டன்-கிலோமீட்டர் கணக்கில் தனி உள்ளீடாக, ஒரு சூத்திரத்தோடு வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. வழியில் உருகிப்போகும் ஐஸின் விகிதத்துக்கும் இதே இடம்தான் பொருத்தம். ஸ்பெரா நிறுவனத்தின் கட்டண மென்பொருளில், முன்பு 'காபி' (GaBi) என்று அறியப்பட்டதில், ஒரே செயல்முறையை இரண்டு இடத்தில் நிறுத்தி இரண்டுக்கும் வெவ்வேறு மதிப்பு கொடுக்க முடியும். வசதி என்று பார்த்தால் அதுவே மேல். ஆனாலும், ஐஸ் எது, ஐஸைக் கொண்டுபோவது எது என்று முதலிலேயே பிரித்து யோசிக்க வைக்கும் ஓப்பன் எல்.சி.ஏ.வின் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அதையும் மீறித் தேவைப்படுவோருக்கு, ஒரு பொருள் அமைப்பையே இன்னொன்றுக்குள் கூறாகச் செருகும் வழியும் இருக்கிறது.

அளவுருக்களின் அருமை கடற்பாசிக் கணக்கில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. மண்டபம் பக்கத்தில் கப்பாஃபைகஸ் பாசியை 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டி வளர்த்து, ஏறத்தாழ 45 நாளில் அறுக்கிறார்கள். மிதவை ஓர் அறுவடையோடு கழிவதில்லை. மூங்கிலும் கயிறும் வலையும் பல சுற்றுகள் உழைக்கின்றன. எனவே மிதவையைத் தனிச் செயல்முறையாக அமைத்து, பாசி வளர்ப்புச் செயல்முறையில் அதன் உள்ளீட்டை '1 ÷ சுற்றுகளின் எண்ணிக்கை' என்ற சூத்திரமாக எழுத வேண்டும். வாடை பிடித்ததும் வடகடலில் (பாக் விரிகுடாவில்) மிதவை போடுவது நின்றுவிடுவதால் அங்குள்ள சுற்றுகள் வேறு, தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) உள்ளவை வேறு. இந்த வேறுபாட்டுக்கு இரண்டு மாதிரிகள் தேவையில்லை. ஒரே பொருள் அமைப்புக்குள் இரண்டு அளவுருத் தொகுப்புகளை வைத்து, 'திட்டம்' என்ற பகுதியில் அவற்றை அருகருகே ஒப்பிட்டுவிடலாம். ஈரப் பாசி 10 கிலோவுக்கு உலர் பாசி ஏறத்தாழ 1 கிலோ என்ற விகிதத்தையும் அளவுருவாகவே வைப்பது நல்லது. முடிவு எண்ணை அதைப்போல் ஆட்டிவைப்பது வேறெதுவும் இல்லை.

அளவுருக்களில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. தரவுத்தளம் முழுமைக்கும் பொதுவான அளவுருவும், செயல்முறைக்குள் இருக்கும் அளவுருவும் ஒரே பெயரில் இருந்தால், உள்ளே இருப்பதே செல்லுபடியாகும். தூரம், விகிதம் என்று மொட்டையாகப் பெயர் வைப்பவர், பொது அளவுருவை மாற்றிவிட்டு முடிவு ஏன் அசையவில்லை என்று திகைக்க நேரிடும்.

பெரிய குறை என்று நான் கருதுவது வேறு. பொருள் அமைப்பு, தான் உருவான நேரத்தில் இருந்த இணைப்புகளைத்தான் சேமித்துவைக்கிறது. ஐஸ் செயல்முறையில் ஏற்கெனவே உள்ள மின்சார அளவை மாற்றினால் அமைப்பு அதை ஏற்றுக்கொள்ளும். அதே செயல்முறையில் குளோரின் என்று புதிய உள்ளீடு ஒன்றைச் சேர்த்தால், பழைய பொருள் அமைப்பில் அதற்கான இணைப்பு தானாக உண்டாவதில்லை. குளோரினைத் தயாரிப்பதில் உண்டான சுமை கணக்கில் சேராமலே முடிவு வெளிவரும். முடிவு வழக்கம்போல் வந்துவிடுவதால் இதைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று. பொருள் அமைப்பை மறுபடி உருவாக்க வேண்டும், அல்லது மாதிரி வரைபடத்தில் கையால் இணைக்க வேண்டும். அமைப்பை உருவாக்காமல் செயல்முறையிலிருந்தே நேரடியாகக் கணக்கிடும் வசதி இப்போது இருப்பதால், கூறுகளை அடிக்கடி மாற்றும் கட்டத்தில் அதையே பயன்படுத்தி, எல்லாம் நிலைத்த பிறகு பொருள் அமைப்பை உருவாக்குவது பாதுகாப்பு.

கூறுகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக ஜேசன்-எல்.டி. (JSON-LD) வடிவக் கோப்பு போதும். உள்ளே எடுக்கும்போது, ஏற்கெனவே இருப்பதைத் தொடாதே, புதிய பதிப்பாக இருந்தால் மட்டும் மாற்று, எல்லாவற்றையும் மேலெழுது என்று மூன்று தெரிவுகள் கேட்கப்படும். இரண்டு பேர் ஒரே ஐஸ் கூறில் வேலை செய்யும் அலுவலகத்தில் மூன்றாவதை யாரும் தொடாமல் இருப்பது நலம்.

செலவு, மென்பொருளில் இல்லாவிட்டாலும் தரவில் இருக்கிறது. இந்திய மின்சாரம் உள்ளிட்ட பின்னணித் தரவுகளைக் கொண்ட ஈகோஇன்வென்ட் தரவுத்தளத்துக்குக் கட்டணம் உண்டு. அதை ஏற்றினால் கணினியின் நினைவக ஒதுக்கீட்டையும் அமைப்புகளில் கூட்ட வேண்டிவரும். இலவசமாகக் கிடைக்கும் அக்ரிபாலிஸ் பிரான்சு நாட்டு வேளாண்மையையும் உணவையும் மனத்தில் வைத்துத் தொகுக்கப்பட்டது. அதிலுள்ள மீனைப் பாம்பன் மீனுக்குப் பதிலாக வைப்பது கணக்கு ஆகாது. படகின் டீசல், ஆலையின் மின்கட்டண ரசீது, மிதவையின் ஆயுள் ஆகியவற்றை இக்கரையிலேயே கேட்டுத் திரட்டித்தான் தீர வேண்டும். திரட்டியதை எங்கே, எந்த மாதம், யாரிடம் பெற்றது என்று ஒவ்வொரு செயல்முறையின் ஆவணப் பகுதியிலும் எழுதிவைக்க இம்மென்பொருள் தாராளமாக இடம் தந்திருக்கிறது. அந்தப் பகுதி வெற்றாகக் கிடக்கும் கூறை வேறொருவரிடமிருந்து வாங்கி என் கணக்கில் சேர்க்க நான் உடன்படுவதில்லை.