100 புதிர் கார்டு, 349 ரூபா, ஒரு பரோட்டா பந்தயம்

ஜனவரியில நந்தனம் ஒய்எம்சிஏ கிரவுண்ட் புத்தகக் கண்காட்சியில வாங்கினது இது. ஒரு டப்பா, உள்ள 100 கார்டு, முன்பக்கம் புதிர், பின்பக்கம் விடை, எல்லாமே தமிழ்ல. விலை 349. யார் போட்டதுன்னு பேர் சொல்லல, ஏன்னு படிச்சா உங்களுக்கே புரியும். பொங்கலுக்கு திருநெல்வேலி போறோமே, பசங்களோட மொட்டை மாடில உக்காந்து ஒரு கை பாக்கலாம்னு தான் வாங்கினேன்.

முதல்ல விடுகதை. 40 கார்டு இருக்கு, அதுல பாதி நம்மூர் சரக்கு, மீதி இங்கிலீஷ்ல இருந்து அப்படியே தூக்கினது. தூக்கினதுல ஒண்ணு சொல்றேன் பாருங்க: "என்கிட்ட நிறைய சாவி இருக்கு, ஆனா ஒரு பூட்டையும் திறக்க மாட்டேன், நான் யார்?" அரை மணி நேரம் மண்டைய பிச்சிக்கிட்டோம், வாட்ச்மேனான்னு கூட ஒருத்தன் கேட்டான். திருப்பிப் பாத்தா பியானோவாம். இங்கிலீஷ்ல ரெண்டும் கீ (key), சரி, பியானோ கட்டைய தமிழ்ல எவன்யா சாவின்னு சொல்றான்?

இத கேட்டுட்டு கீழ இருந்து ஆச்சி மேல ஏறி வந்து, "ஏலே, அத தூரப் போடுங்க, நான் ஒரு நொடி போடுதேன்"ன்னு ஆரம்பிச்சாங்க. ஆத்தா படுத்தே கிடப்பா, மக ஓடிக்கிட்டே இருப்பா, அது என்ன? பசங்க ஒருத்தனுக்கும் தெரியல. அம்மி, குழவி. மிக்ஸி சத்தத்துல வளந்த கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? விடுகதைக்கு தொல்காப்பியத்துலயே பிசின்னு பேர் இருக்கு, அவ்ளோ பழைய சரக்கு கையில இருக்கிறப்ப பியானோ எதுக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல.

லாஜிக் கார்டு 60. ஆட்டம் சூடு பிடிச்சதே இங்க தான். கூட்டத்துல போடுறதுக்கு நல்ல புதிர்னா, கேட்ட உடனே எல்லாரும் டக்குனு ஒரே தப்பு விடைய அடிச்சு சொல்லணும், என்னோட கணக்கு அது. பேட்டும் பாலும் சேர்ந்து 110 ரூபா, பால விட பேட் 100 ரூபா அதிகம், பால் என்ன விலை? பத்துன்னு கத்துவானுங்க. அஞ்சு தான். அதே மாதிரி பாலம் தாண்டுற கார்டு செம. நாலு பேரு, ஒரே டார்ச், தனியா தாண்ட 1, 2, 5, 10 நிமிஷம் ஆகும், ஒரு நேரத்துல ரெண்டு பேர் தான் போகலாம், மெதுவா போறவன் நேரம் தான் கணக்கு, டார்ச் இல்லாம யாரும் நகரக் கூடாது. வேகமா நடக்கிறவன் ஒவ்வொருத்தரையா கூட்டிட்டுப் போனா 19 நிமிஷம், இத தாண்டி யோசிக்கவே தோணாது. 5ஐயும் 10ஐயும் ஒண்ணா அனுப்பினா 17ல முடியும். எப்படின்னு நான் சொல்ல மாட்டேன்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு பரிசல் புதிர எதுக்கு போட்டாங்கன்னு தெரியல, அத தெரியாத தமிழ்ப் பையன் உண்டா? ஐரோப்பாவுல அதே புதிர ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ்னு வச்சு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே லத்தீன்ல எழுதி வச்சிருக்காங்க, அந்த விஷயத்தையாவது பின்பக்கம் போட்டிருக்கலாம்.

இப்ப சண்டைக்கு வருவோம். மூணு கதவு, ஒண்ணு பின்னாடி கார், மத்த ரெண்டு பின்னாடி ஆடு. நீ ஒண்ண சொல்ற, நடத்துறவரு வேற ஒரு கதவ திறந்து ஆட்ட காட்டிட்டு மாத்திக்கிறியான்னு கேக்குறாரு. (ஆச்சி: "ஆடு கெடைச்சாலும் லாபந்தானலே".) விடை: மாத்தணும். கார்டுல அவ்ளோ தான் இருக்கு, ஏன் எதுக்குன்னு ஒரு வரி கிடையாது. மச்சான் ஒத்துக்கவே இல்ல, ரெண்டு கதவு மிச்சம் பாதிக்குப் பாதி தானேன்னு நிக்கிறாரு. அவர சொல்லியும் குத்தமில்ல, 1990ல அமெரிக்காவுல மர்லின் வோஸ் சவாண்ட்னு பத்திரிகைல கேள்வி பதில் எழுதுற அம்மா இதே விடைய எழுதினப்ப பிஎச்டி வாங்கினவங்களே நூத்துக்கணக்குல தப்புன்னு லெட்டர் போட்டாங்க. கடைசில மூணு சீட்டு எடுத்து 30 தடவை ஆடிப் பாத்தோம், மாத்தினா 21 தடவை ஜெயிக்குது. முதல்ல தப்பா எடுக்கிறதுக்கு தான் மூணுல ரெண்டு வாய்ப்பு, தப்பா எடுத்திருந்தா மாத்தினா கார் தானே, அவ்ளோ தான் விஷயம். ஆனா கார் எங்க இருக்குன்னு நடத்துறவருக்குத் தெரியும், தெரிஞ்சே தான் ஆட்டுக் கதவ திறக்கிறாருங்கிறது முக்கியம், கார்டுல அதையே விட்டுட்டாங்க. அது இல்லாட்டி விடையே மாறிடும்.

இதையாவது மன்னிச்சிடலாம். 73ஆவது கார்டு தான் மோசம். 2015ல சிங்கப்பூர் ஸ்கூல் பசங்க கணக்குப் போட்டியில வந்து உலகம் பூரா சுத்துச்சே, ஷெரில் பிறந்தநாள், அது. பத்து தேதி இருக்கும், ஆல்பர்ட்டுக்கு மாசம் மட்டும் தெரியும், பெர்னார்டுக்கு நாள் மட்டும், "எனக்குத் தெரியாது, ஆனா பெர்னார்டுக்கும் தெரியாதுன்னு நிச்சயம்"னு ஆல்பர்ட் ஆரம்பிப்பான், அவங்க பேசுறத வச்சு நாம கண்டுபிடிக்கணும். தோத்தவன் பரோட்டா வாங்கித் தரணும்னு பந்தயம். சித்தி பையன் பேப்பர் பேனா எடுத்து இருபது நிமிஷம் எழுதி ஆகஸ்ட் 17ன்னான். திருப்பினா ஜூலை 16. எல்லாரும் அவன ஓட்டோ ஓட்டுன்னு ஓட்டினோம், அவன் அசையல, நீங்களே போட்டுப் பாருங்கன்னான். போட்டா ஆகஸ்ட் 17 தான் வருது! போன்ல தேடினா தான் தெரியுது, கார்டுல ஒன்பது தேதி தான் அச்சாகியிருக்கு, மே 19ஐ காணோம். அது இருந்தா, ஆல்பர்ட் கையில மே மாசம் இருந்தா பெர்னார்டுக்கு 19னு போயிருக்கலாமோன்னு சந்தேகம் வரும், 19 வேற மாசத்துல இல்லாததால அவன் உடனே கண்டுபிடிச்சிருப்பான், அவனுக்குத் தெரியாதுன்னு ஆல்பர்ட்டால நிச்சயமா சொல்ல முடியாது, அதனால மே அடிபடும். அது இல்லாததால மே உயிரோட நின்னு மொத்த விடையையும் ஆகஸ்டுக்கு தள்ளிடுச்சு. ஒரு தேதி விட்டதுக்கே இந்தக் கதி, புதிர் புக்குக்கு புரூஃப் பாக்கிறவரு ஒவ்வொண்ணையும் போட்டுப் பாக்கணும் சார்.

5க்கு 3 குடுக்கலாம். அட்டை கனமா இருக்கு, டீ கொட்டியும் ஊறல. வாங்குறவங்க 73ல மே 19ஐ பேனாவுல எழுதிக்கோங்க, பியானோவ கிழிச்சிடுங்க. பரோட்டா பஞ்சாயத்து நாலு நாள் நடந்துச்சு, கார்டுல உள்ளதுக்கு அவன் சொன்னது தான் சரின்னு ஆச்சி தீர்ப்பு சொல்லிட்டாங்க, ரெண்டு செட்டும் எக்ஸ்ட்ரா சால்னாவும் என் காசு.