ரஸ்ட் கம்பைலரின் சிஐ: மெதுவானது, ஆனால் நம்பலாம்

ரஸ்ட் என்ற நிரல் மொழியின் கம்பைலருக்கு (எழுதிய கோடை இயங்கும் நிரலாக மாற்றுகிற மென்பொருள்) புதிதாக பேட்ச், அதாவது கோட் மாற்றம், அனுப்புகிற எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும்: ரிவ்யூவர் ஓகே சொல்லிவிட்டார், அப்புறம் ஏன் இன்னும் மெர்ஜ் ஆகவில்லை, அதாவது மெயின் கிளை என்ற முதன்மைக் கோடில் சேரவில்லை? ரிவ்யூவர் ‘ஆர் பிளஸ்’ என்ற ஒப்புதலைப் போட்டதும் பேட்ச் நேராக உள்ளே போகாது, பார்ஸ் என்கிற தானியங்கி புரோகிராமின் வரிசையில் போய் நிற்கும். தன் முறை வந்ததும் பார்ஸ் அதை அன்றைய மெயின் கிளையோடு சேர்த்துப் பார்த்து, லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று எல்லாவற்றிலும் பில்டும் டெஸ்டும் ஓட்டி, எல்லாம் பச்சையானால் மட்டும் மெயினை அதே கமிட்டுக்கு (சோதித்த அந்தக் கோட் பதிவுக்கு) நகர்த்தும். இப்படித் தானாக பில்ட் செய்து சோதிக்கிற ஏற்பாடுதான் சிஐ. ஒரு சுற்றுக்கே மணிக்கணக்கில் ஆகும்.

இவ்வளவு எதற்கு என்றால், ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார், இன்னொருவர் பழைய பெயரை வைத்தே புதிதாகக் கோட் எழுதுகிறார், தனித்தனியாக இரண்டும் பாஸ், இரண்டும் சேர்ந்தால் பில்ட் உடையும். சாதாரண சிஐ இதைப் பிடிக்காது. டெஸ்ட் பாஸ் ஆகிற கோட் மட்டுமே எப்போதும் மெயினில் இருக்க வேண்டும் என்ற விதியை ரஸ்டைத் தொடங்கிய கிரேடன் ஹோர் ஆரம்பத்திலேயே வகுத்தார், முதல் பார்ஸை எழுதியதும் அவரே. சோதனையை ஓட்டுகிற சேவை டிராவிஸ், அசூர், இப்போது கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்று மாறிக்கொண்டே இருந்தாலும் விதி மாறவில்லை.

வரிசை நீளும்போது சின்ன பேட்ச்களை ரோல்அப் என்று ஒன்றாகக் கட்டி அனுப்புகிறார்கள். அதில் ஒன்று சொதப்பினாலும் மொத்தமும் திரும்பி வரும், எது குற்றவாளி என்று தேடுவது அலுப்பான வேலை. பேட்சுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏதோ ஒரு மெஷின் நெட்வொர்க் கோளாறில் விழுந்து, ரீட்ரை போட்டுவிட்டு மறுபடி காத்திருப்பது அதைவிடக் கொடுமை.

ஆனால் இதற்குக் கைமேல் பலன் உண்டு. மெர்ஜ் ஆன ஒவ்வொரு கமிட்டின் கம்பைலரும் சில மாதங்கள் சேமிப்பில் இருக்கும். அதனால் உங்கள் கோட் திடீரென்று உடைந்தால் கார்கோ பைசெக்ட் ரஸ்ட்சி என்ற கருவியை ஓட்டி, எந்த மெர்ஜில் உடைந்தது என்று கம்பைலரை நீங்களே பில்ட் செய்யாமல் கண்டுபிடிக்கலாம். இந்த வசதிக்காகவே எத்தனை மணி நேரமும் காத்திருப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கிரேட்டர் என்ற கருவி. பழைய கம்பைலர், புதிய கம்பைலர் இரண்டையும் வைத்து ரஸ்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான கிரேட்ஸ் டாட் ஐஓவில் இருக்கிறவற்றையும் கிட்ஹப்பில் இருக்கிற ஏராளமான ப்ராஜெக்ட்களையும் கம்பைல் செய்து, எது புதிதாக உடைகிறது என்று பட்டியல் தரும். முடிய நாட்கள் ஆகும். ஊரார் எழுதிய கோடையெல்லாம் இப்படி அக்கறையாக ஓட்டிப் பார்க்கிற மொழிகள் மிகக் குறைவு. குறையும் இருக்கிறது: ஓடுவது லினக்ஸில், ஆகவே விண்டோஸில் மட்டும் உடைவது தெரியாது, கம்பெனிகளுக்குள் பூட்டிக் கிடக்கிற கோடும் கணக்கில் வராது.

அப்புறம், கிரேட்டர் முடிவெடுக்காது, மனிதர்கள்தான் எடுக்கிறார்கள். 2024 ஜூலையில் வந்த ரஸ்ட் 1.80-ல் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் சேர்த்த ஒரு சின்ன விஷயத்தால் டைம் என்ற பிரபலமான பேக்கேஜின் பழைய பதிப்புகள் கம்பைல் ஆகாமல் போயின. 0.3.35-க்கு அப்டேட் செய்தால் சரியாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் பேக்கேஜ்களின் பதிப்பைப் பூட்டி வைக்கிற பழைய லாக் ஃபைலை வைத்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்! உடையும் என்பது ரிலீஸுக்கு முன்பே தெரிந்திருந்தது. இந்த மாதிரி நேரத்தில் ரிலீஸைத் தள்ளிப்போடவோ, முன்கூட்டியே உரக்க எச்சரிக்கவோ ஒரு கட்டாய விதி வேண்டும் என்பதே என் கோரிக்கை.