மைனஸ் 5 பவரும் ஹேவ்லாக் பவளப்பாறையும்

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்கிற பஸ்ஸின் போர்டு கூடத் தெரியாத ஆள் நான். நீச்சலும் கிணற்றோடு சரி. அப்படிப்பட்டவன் அந்தமானுக்குப் போய் ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, தண்ணீர் மேல் மிதந்தபடி அடியில் இருப்பதைப் பார்ப்பது) செய்து எதைப் பார்க்கப் போகிறான் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போய் வந்தாயிற்று. செலவழித்ததில் உருப்படியானது பவர் வைத்த மாஸ்க். தண்டம் என்றால், பேக்கேஜில் ‘ஃப்ரீ’ என்று சொல்லி ஏஜென்சிக்காரர் தலையில் கட்டிய ஸ்நார்க்கலிங். இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன், என்னைப் போன்ற சோடாப்புட்டிகளுக்குப் பயன்படட்டும்.

முதலில் மாஸ்க். மூக்குக்கண்ணாடி மேல் மாஸ்க் போட முடியாது. காதுக்குப் போகிற கம்பி சிலிக்கான் விளிம்பைத் தூக்கிவிடும், அந்த இடுக்கில் தண்ணீர் புகும். கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்கட்டுமா என்று கேட்டதற்கு, தண்ணீரில் இருக்கிற கிருமி லென்ஸுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் கண்ணுக்கே ஆபத்து என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். மிச்சம் இருப்பது இரட்டைக் கண்ணாடி மாஸ்க். அதில் இடது, வலது கண்ணாடிகளைத் தனித்தனியாகக் கழற்றி நம் பவருக்கு ஏற்றதைப் பொருத்தலாம். அரை அரை பவராக ரெடிமேடாகவே கிடைக்கிறது. எனக்குக் கண்ணாடிகளோடு சேர்த்து நாலாயிரத்தை ஒட்டி ஆயிற்று.

கண்ணாடிச் சீட்டில் CYL என்று தனியாக எழுதுகிற சிலிண்டர் பவர் இதில் வராது. சிலிண்டரில் பாதியை மற்ற பவரோடு கூட்டி, அதற்கு அருகில் இருக்கிற எண்ணை வாங்கினால் போதும். ஒரு கால் பவர் குறைந்தாலும் கவலைப்படாதீர்கள். மாஸ்க்கின் தட்டைக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கொஞ்சம் கிட்டேயும்தான் தெரியும்.

வாங்குமுன் வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்கான மாஸ்க். எனக்கு ஒட்டவே இல்லை. ‘சார், மீசை’ என்றார் கடைப் பையன். மூக்குக்குக் கீழே சிலிக்கான் படிய வழுவழுப்பான இடம் வேண்டுமாம். மூக்கை ஒட்டி ஒரு விரல்கடை அளவுக்கு மேல்வரியை மழித்தேன். மாஸ்க் கிச்சென்று பிடித்துக்கொண்டது. மீசை என்னவோ நாடகத்தில் ஒட்டவைத்தது மாதிரி ஆகிவிட்டது, ஊர் திரும்பி வளர்கிற வரைக்கும் ஆபீஸில் கேலிதான்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் படலம் இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் இறங்கின நிமிடமே ஆவி படர்ந்து ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ. கழற்றின மூக்குக்கண்ணாடியைப் படகில் பத்திரமாக வைக்க ஒரு சின்ன டிபன் பாக்ஸ் கொண்டு போனேன். அன்றைக்குப் படகில் வந்தவர்களில் கண்ணாடியைக் காலடியில் தேடாத சோடாப்புட்டி நான் ஒருவன்தான்.

இனி அந்த ‘ஃப்ரீ’. அந்தமானில் ஹேவ்லாக் தீவின் ஜெட்டியிலிருந்து எலிஃபண்ட் பீச்சுக்கு ஸ்பீடு போட்டில் இருபது நிமிடம். (தீவின் பெயரை 2018-இல் ஸ்வராஜ் த்வீப் என்றும், போர்ட் பிளேரை 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் மாற்றிவிட்டார்கள். எங்கள் ஆட்டோக்காரர் அண்ணன் பழைய பெயர்களைத்தான் சொன்னார்.) லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஒரு டியூபைப் பிடிக்கச் சொல்லி, வழிகாட்டிப் பையன் முன்னால் நீந்தி இழுத்துக்கொண்டே போகிறான். நீச்சல் தெரியாதவர்களுக்கு இது பயமில்லாத ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சு பழகி, ‘ஓஹோ, இப்படித்தானா’ என்று கண் நிலைக்கிற நேரத்தில் கரைக்குத் திருப்பிவிடுகிறார்கள். பத்து நிமிடம் இருந்தால் அதிகம். ஒருவர் வாயிலிருந்து எடுத்த குழாயைக் கடல் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். ஃப்ரீ போட்டோ என்றதும் வெறும் பேச்சு, கரை ஏறியதும் காசு கேட்டார்கள்.

அடுத்த நாள் ஏஜென்சியை விட்டுவிட்டு நேராக ஒரு வழிகாட்டியிடம் பேசி, ஒரு மணி நேரம் வேண்டும், இழுக்க வேண்டாம், பக்கத்தில் வந்தால் போதும் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரம்தான் இந்தப் பயணம். கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற நறுக் நறுக் சத்தம் காதில் தெளிவாகக் கேட்கிறது. தின்ற சுண்ணாம்பை அது மணலாகக் கழித்துக்கொண்டே போவதையும் பார்த்தேன். நாம் காலாறும் வெள்ளை மணலில் பாதி இதன் உபயமோ என்னவோ! பூ மாதிரி விரிந்திருக்கிற கடல் தாமரை என்ற உயிரினத்துக்குள்ளிருந்து ஒரு கோமாளி மீன் என் மாஸ்க்கை நோக்கி விறுக்கென்று வந்து, முறைத்துவிட்டு, உள்ளே போனது. அதன் வெள்ளைப் பட்டையைச் சுற்றியிருந்த மெல்லிய கறுப்புக் கோடு வரைக்கும் தெரிந்தது.

விளம்பரப் படத்தில் வருகிற வண்ணப் பவளத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்தன. சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிற திட்டுகள் இன்றும் நிறைய. போதாக்குறைக்கு அதன் மேலேயே ஏறி நின்று மாஸ்க்கைச் சரிசெய்கிற நம்மவர்கள் வேறு.

தேதி குறிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் கூடவே தினசரி காலண்டரையும் பார்த்தேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பலமாக இருக்கும், நீரோட்டமும் இழுக்கும். வற்றத்தில் கரையோரப் பவளம் முழங்கால் தண்ணீருக்கு வந்துவிடும், மிதந்தால் வயிற்றில் கீறும். அஷ்டமி, நவமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் குறைவு, ஓட்டமும் சாது. ‘அஷ்டமியில போயி எவனாவது கடல்ல இறங்குவானாடா?’ என்று பெரியம்மா கத்தினார். கிளம்பினது சப்தமிக்கு முன்னாடியே பெரியம்மா, இறங்கினதுதான் அஷ்டமி என்று சமாதானம் சொன்னேன்.

இன்னொன்று, அங்கே கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் அப்படியில்லை. விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம், குளிர்காலத்தில் சாயங்காலம் ஐந்து மணியை ஒட்டி அஸ்தமனம். பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தால் பாதி நாள் போச்சு.

வயதானவர்களோடு போகிறவர்கள் போர்ட் பிளேர் பக்கத்து வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவைப் பாருங்கள். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் இருக்கிறது, கண்ணாடி அடிப் படகு உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. மழைக்காலத்தில் அதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவுக்கு அழைத்துப் போவார்கள். பிளாஸ்டிக் பையோடு படகில் ஏற விடமாட்டார்கள், துணிப்பை எடுத்துப்போங்கள்.

மாஸ்க்குக்கு ஐந்துக்கு ஐந்து. நேரடியாகப் பேசின வழிகாட்டிக்கு நாலரை, பையனுக்குத் தமிழ் தெரியாததற்காக அரை குறைத்தது அநியாயம்தான். பேக்கேஜுக்கு ஒன்றரை. நீங்களும் அதே மாதிரி பேக்கேஜ் எடுக்கிறதாக இருந்தால், தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் என்பதை வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கிவிட்டு அட்வான்ஸ் போடுங்கள். திரும்பும்போது கரையில் கிடந்ததுதானே என்று பவளத் துண்டை மட்டும் பெட்டியில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது, ஏர்போர்ட் ஸ்கேனில் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.